ஒரு கிலோ என்பது எவ்வளவு?

கடையில் ஒரு கிலோ சர்க்கரை நிறுக்கும்போது தராசில் நடப்பது ஓர் ஒப்பீடு. ஒரு தட்டில் சர்க்கரை, மறு தட்டில் எடைக்கல். முள் நேராக நின்றால் இரண்டும் சமம். எடைக்கல் ஒரு கிலோதான் என்பதற்கு அதன் மேலுள்ள அரசு முத்திரை சாட்சி. முத்திரை இடுமுன் அதை வேறொரு கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள். அந்தக் கல்லை அதைவிட நுட்பமான இன்னொன்றோடு. இந்தியாவில் இந்தச் சங்கிலி புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள 57ஆம் எண் பிளாட்டினம்–இரிடியம் உருளை வரை சென்றது. அந்த உருளையும் பாரிஸ் நகரை ஒட்டிய செவ்ர் என்னும் ஊரில் இருந்த மூல உருளையின் நகலே. மூல உருளையை ஒப்பிடுவதற்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்படியானால் அது ஒரு கிலோ என்பது எதனால் உண்மை? அளவியலுக்குள் எழுந்தாலும் இது தத்துவத்தின் கேள்வி.

தராசு ஒப்பிடுவது எதை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பூமி ஒரு பொருளை இழுக்கும் விசை அதன் எடை. இடம் மாறினால் அது மாறும். நிறை பொருளோடு எங்கும் மாறாமல் செல்வது. ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் வினாடி வர்க்கத்துக்கு 9.780 மீட்டர், துருவங்களில் 9.832 மீட்டர். நிலநடுக்கோட்டில் சரிபார்த்த சுருள்வில் தராசு அங்கே 100 கிலோ என்று காட்டிய மூட்டையைத் துருவத்தில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கூட்டிக் காட்டும். இன்றைய கடைகளின் எலக்ட்ரானிக் தராசும் உள்ளுக்குள் அளப்பது விசையைத்தான். அதனால் அது பயன்படும் இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட வேண்டும். இருதட்டுத் தராசில் இந்தத் தொல்லை இல்லை. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரு தட்டுக்கும் ஒன்றுபோலவே. ஆனால் காற்று அதையும் விடுவதில்லை. பஞ்சு கனமா, இரும்பு கனமா என்று குழந்தைகளை மடக்கும் கேள்விக்கு நுட்பமான விடை ஒன்று உண்டு: ஒரு கிலோ இரும்பும் பஞ்சும் காற்றில் சமமாக நின்றால், பஞ்சின் நிறை அரை கிராமுக்கு மேல் கூடுதலாக இருக்கும். அதிக இடம் அடைக்கும் பஞ்சைக் காற்று அதிகமாகத் தாங்குகிறது.

கனம் என்பது நேரே அறியப்படுவதா, ஊகிக்கப்படுவதா என்ற விவாதம் மிகப் பழையது. வைசேடிக தரிசனம் கனத்தைக் குருத்துவம் என்ற பெயரில் ஒரு குணமாக எண்ணியது. அது புலன்களுக்கு எட்டாதது, பொருள் விழுவதைக் கண்டு ஊகித்தறிய வேண்டியது என்பது பிரசஸ்தபாதர் கருத்து. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகமும் விழுதல் என்னும் செயலின் முதல் கணத்துக்குக் காரணமாகவே குருத்துவத்தை வரையறுத்து, நிலத்துக்கும் நீருக்கும் மட்டும் அதை உரியதாக்கியது. நெருப்புக்கும் காற்றுக்கும் கனம் இல்லை என்றது இன்று நிற்காது. ஆனால் கனத்தை அதன் விளைவால் மட்டுமே அறிய முடியும் என்ற பகுதி இன்னும் அசையவில்லை.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்கிபியாவின் முதல் வரையறையே நிறையைப் பற்றியது: அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவது பொருளின் அளவு. எர்ன்ஸ்ட் மாக் 1883இல் இதைக் கடுமையாக மறுத்தார். அடர்த்தி என்பதே நிறையைப் பருமனால் வகுத்துக் கிடைப்பது; ஆகவே வரையறை வட்டமடிக்கிறது என்பது அவர் வாதம். இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செயல்படும்போது அவை பெறும் முடுக்கங்களின் தலைகீழ் விகிதமே நிறைகளின் விகிதம் என்று அவர் மாற்றி வைத்தார். இதன்படி தனியாக நிற்கும் ஒரு பொருளுக்கு நிறை சொல்வதில் பொருளே இல்லை. மாக்கின் மற்ற முடிவுகளை ஏற்காதவர்களும் இதை எளிதில் தள்ள முடியாது.

முடுக்கத்தை எதிர்க்கும் நிறையும் ஈர்ப்புக்கு இணங்கும் நிறையும் ஒன்றேதானா என்பது இதன் கிளைக்கேள்வி. தராசு காண்பது இரண்டாவதை மட்டும். நியூட்டன் பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றை ஊசல்களில் நிரப்பி ஆட்டிப் பார்த்து, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேறுபாடில்லை என்றார். 2016இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் அதை ஏறத்தாழ 10¹⁵இல் ஒரு பங்கு வரை உறுதிசெய்தது. இது அனுபவத்தில் கண்ட உண்மை. ஆனால் செவ்ர் உருளை ஒரு கிலோ என்பது அவ்வகை உண்மை அன்று.

1799இல் ஒரு லிட்டர் நீரின் நிறைக்கு இணையாகச் செய்த பிளாட்டினம் உருளை முதல் தரமாக இருந்தது. அதைப் பின்பற்றி லண்டனின் ஜான்சன் மாத்தே நிறுவனம் 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்து வார்த்த உருளைகளில் ஒன்றை 1889இல் கூடிய எடை அளவுகளுக்கான பொது மாநாடு மூலத் தரமாக அறிவித்தது. உயரமும் விட்டமும் 39 மில்லிமீட்டர். பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள் தேவை. நூறாண்டுகளில் அது ஒப்பீட்டுக்காக வெளியே வந்தது சில முறைகளே. 1901இல் கூடிய மூன்றாம் மாநாடு, கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு அன்று என்று தெளிவுபடுத்தியது.

இத்தகைய தரப்பொருளைப் பற்றி லுட்விக் விட்கன்ஸ்டைன் 1953இல் வெளிவந்த ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் ஒரு சிக்கலை வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது பாரிஸின் மீட்டர் கோல்: அது ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கோல் அளவிடும் விளையாட்டின் கருவி. அளக்கப்படும் பொருள் அன்று. சால் கிரிப்கி 1970இல் ஆற்றிய உரைகளில் இதை மறுத்தார். கோலைக் கொண்டு மீட்டர் எது என்று சுட்டிய பிறகு, அந்தக் கோல் சூடேறி நீண்டிருக்கலாம் என்று சொல்வதில் முரண் இல்லை. ஆகவே கோல் ஒரு மீட்டர் என்பதை அளக்காமலே அறியலாம். ஆயினும் அது வேறாக இருந்திருக்கவும் கூடும். கிரிப்கி பேசியபோது மீட்டர் கோல் பதவி இழந்து பத்தாண்டு ஆகியிருந்தது. 1960 முதல் மீட்டர் கிரிப்டான் ஒளியலையால் வரையறுக்கப்பட்டது. தத்துவவாதிகளுக்கு உயிரோடு கிடைத்த உதாரணம் கிலோகிராம்தான். அதை அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

கவனித்திருந்தால் இருவருக்கும் வேலை இருந்திருக்கும். 1988 முதல் 1992 வரை நடந்த ஒப்பீட்டில், மூல உருளைக்கும் நகல்களுக்கும் இடையே நூறாண்டில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம், ஒரு விரல்ரேகைப் படிவின் அளவு, வேறுபாடு தெரிந்தது. நகல்கள் கூடினவா, மூலம் குறைந்ததா? சட்டப்படி இதற்கு விடை ஒன்றுதான்: மூலம் மாற முடியாது, மாறியது உலகின் மற்றப் பொருள்கள். ஆனால் எந்த இயற்பியலாளரும் அப்படி நினைக்கவில்லை. மூலம் தேய்ந்திருக்கலாம், நகல்கள் மாசு ஏற்றிருக்கலாம் என்றே பேசினார்கள். விதி விட்கன்ஸ்டைன் பக்கம் நின்றது, அறிஞர்களின் பேச்சு கிரிப்கி பக்கம் சாய்ந்தது.

கழுவும் முறை இன்னும் தெளிவான சான்று. மூல உருளையின் மேற்பரப்பில் காற்றின் அழுக்கு படியும். ஒப்பிடுமுன் ஈதரும் ஆல்கஹாலும் தோய்த்த மென்தோலால் துடைத்து, நீராவியால் கழுவுவார்கள். 1989இல் வரையறைக்கு அதிகாரபூர்வ விளக்கம் வந்தது: கிலோகிராம் என்பது கழுவி முடித்த உடனேயுள்ள உருளையின் நிறை. அதாவது கழுவாத உருளை ஒரு கிலோவும் கொஞ்சம் அழுக்கும். எது உருளை, எது அழுக்கு என்று பிரித்தபோதே, அந்த உலோகத்துக்கு அப்பால் ஒரு கிலோ என்ற கருத்து மனிதர் மனத்தில் இருந்தது வெளிப்பட்டுவிட்டது.

2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய 26ஆம் மாநாடு உருளையைப் பதவியிறக்கியது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று நிலைநிறுத்தப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்து பெறப்படுகிறது. பிரையன் கிபிள் 1975இல் முன்வைத்த தராசு இதற்கு உதவுகிறது: பொருளின் எடையை, காந்தப்புலத்தில் உள்ள கம்பிச்சுருளின் மின்விசையால் ஈடுசெய்து, மின் அளவீடுகள் வழியே நிறை பிளாங்க் மாறிலியோடு இணைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்கான்-28 அணுக்களால் ஆன கோளத்தில் அணுக்களை எண்ணுவது மற்றொரு வழி. பழைய உருளை இப்போது அளக்கப்படும் பொருள். அது ஒரு கிலோவா என்ற கேள்வியைக் கேட்கலாம். பிழை வரம்போடு விடையும் சொல்லலாம்.

ஆயினும் கேள்வி ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. பிளாங்க் மாறிலி மாறினால்? அதன் எண் மதிப்பு வரையறையால் நிலைத்திருப்பதால் மாற்றம் அங்கே தெரியாது. அலகில்லாத விகிதங்களில், ஏறத்தாழ 1/137 ஆன நுண்கட்டமைப்பு மாறிலியைப் போன்றவற்றில்தான் தெரியவரும். உருளையைவிட மாறிலி உறுதியானது என்பது நல்ல ஆதாரமுள்ள நம்பிக்கை; ஆனால் அதை மாறாதது என்று நிறுத்தியது வாக்கெடுப்புதான். இந்த ஏற்பாட்டில் இன்னொரு நெருடலும் உண்டு. பல நாடுகளின் கிபிள் தராசுகளும் சிலிக்கான் கோளங்களும் தரும் கிலோக்கள், அவை அறிவித்த பிழை வரம்புகளுக்குள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. ஆகவே 2021 பிப்ரவரி முதல் உலகெங்கும் எடைக்கற்கள் தனியொரு கருவியின் முடிவைக் கொண்டு அளவீடு செய்யப்படுவதில்லை. எல்லா முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு நாடுகள் ஒப்புக்கொண்ட பொது மதிப்பைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன.