சரியாகிவிட்டது என்று சொல்வது பற்றி

ஆடி மாதத்தில் ஒருநாள் இலத்தூர் விலக்கில் வைத்து என் காரைப் பார்க்க வந்தவர் கேட்டார்: "அண்ணாச்சி, வண்டியில ஏதும் தொந்தரவு உண்டுமா?" பழைய வண்டி வாங்கப் போகிற யாரும் கேட்கிற கேள்விதான். வழக்கமான பதிலும் ஒன்று உண்டு: ஒரு தொந்தரவு இருந்தது, சரியாகிவிட்டது. இதில் முதல் பாதியைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இரண்டாம் பாதிதான் வாயில் வரவில்லை. மறைக்க எதுவும் இல்லாதபோதும் ஒரு சொல் ஏன் வர மறுக்கிறது என்று யோசித்ததன் விளைவு இது.

வண்டி 1984ஆம் வருஷத்து அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்யப்பட்ட வண்டி. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் இதை ஓட வைத்துவிடுவார் என்பது இதற்குக் கிடைத்த பெரிய பாராட்டு. ஓட வைப்பதும் கோளாறை அறிவதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பாராட்டு மறைத்துவிடுகிறது.

கோளாறு இதுதான். சித்திரை வெயிலில் செங்கோட்டையைத் தாண்டி, புளியரை வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது இழுவை குறையும், இருமும், நிற்கும். பின்னால் வருகிற லாரிகள் ஒதுங்க இடமில்லாமல் ஹார்ன் அடிக்கும். அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

இதற்குச் சாலையில் ஒரு வைத்தியம் உண்டு. பெட்ரோல் பம்பு என்ஜினின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருப்பது. பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். சூடேறிய பம்பிலும் குழாயிலும் திரவத்துக்குப் பதில் ஆவி நிறைந்தால் கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆகவே ஒரு துணியை நனைத்துப் பம்பின்மேல் போடுவார்கள். நானும் போட்டேன். வண்டி கிளம்பியது. ஏர் பிடித்திருக்கிறது, துணி போட்டோம், போய்விட்டது என்று இரண்டு கோடைகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை இருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருமுறை துணி நனைக்கத் தண்ணீர் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே அரைமணியில் வண்டி கிளம்பியது. பிறகுதான் மற்ற சந்தேகங்கள் வரிசையாக வந்து நின்றன. இக்னிஷன் காயில் சூடேறினால் உள்ளே இன்சுலேஷன் விட்டுக்கொடுத்துத் தீப்பொறி செத்துவிடும். ஆறினால் உயிர் வரும். கண்டென்சரும் அப்படியே. பெட்ரோல் டாங்கின் மூடியில் காற்றுப் புகும் துளை அடைபட்டிருந்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வர மறுக்கும். கொஞ்ச நேரம் நின்றால் எங்காவது கசிந்து காற்று உள்ளே போய்விடும். காரணங்கள் நான்கு. அறிகுறி ஒன்று. நான்கையும் தீர்க்கிற மருந்தும் ஒன்றுதான்: அரைமணி நேரம். துணியை நனைத்து வரப் பக்கத்து ஓடை வரைக்கும் போய் வந்தேனே, அந்த நடைக்கான நேரம்தான் வண்டியைக் கிளப்பியிருக்கிறது. துணி வெறும் சாட்சியாக இருந்திருக்கலாம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நம் தர்க்க சாஸ்திரம் இதற்குக் காகதாலீயம் என்று பெயரே வைத்திருக்கிறது. ஒன்று இருக்கும்போது மற்றது இருப்பதைக் கண்டால் மட்டும் போதாது, அது இல்லாதபோது மற்றதும் இல்லாமலிருப்பதைக் காண வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. சாஸ்திரத்தில் குறையில்லை. ஆனால் இதைச் சோதிக்க வேண்டிய நேரம் எது என்று பார்த்தால் சங்கடம் புரியும். வண்டி நின்ற மறுகணம் ஒரு பிளக் வயரைக் கழற்றி என்ஜின் உலோகத்துக்கு அருகில் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீலப்பொறி பாய்ந்தால் காயிலும் கண்டென்சரும் பெரும்பாலும் தப்பித்தன. அடுத்து டாங்கு மூடியைத் திறந்து உடனே உயிர் வருகிறதா என்று பார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் பின்னால் லாரி நிற்கிறது, வண்டிக்குள் குழந்தை அழுகிறது, கிளம்பினால் போதும் என்று மனம் கெஞ்சுகிறது. கோளாறு இருக்கும்போது நாம் அறிவை விரும்புவதில்லை, விடுதலையைத்தான் விரும்புகிறோம். நிதானமாக அறிய விரும்பும்போது கோளாறு ஆறிப்போயிருக்கிறது.

வைகாசியில் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் காயில், கண்டென்சர், பம்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார். "மூணையும் மாத்திட்டேன் அண்ணாச்சி, இனி நிக்காது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடை காத்திருக்க நானும் சம்மதித்திருக்க மாட்டேன். ஆனால் மூன்றை ஒன்றாக மாற்றியதால் எது குற்றவாளி என்ற கேள்வி நிரந்தரமாக அடைக்கப்பட்டது. நான்காவதான டாங்கு மூடியை யாரும் தொடவேயில்லை. மாற்றிய மூன்றும்கூடப் புதியவை என்பது நிச்சயம். நல்லவை என்பது நிச்சயமில்லை. தொழிற்சாலையே நின்றுபோன ஒரு வண்டிக்குக் கடையில் கிடைப்பது எந்தக் காலத்து இருப்பு என்று யாருக்குத் தெரியும்? இதற்கிடையில் பெட்ரோலே மாறிவிட்டது. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. 1984இல் போட்ட ரப்பர் குழாய்கள் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

அப்புறம் சாரல் வந்தது. கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஆனியில் நான்கு தடவை புளியரை ஏறினேன். வண்டி ஒருதடவைகூட நிற்கவில்லை. பழுது பார்த்ததால் நிற்கவில்லையா, தென்காசிச் சீமை முழுவதன்மேலும் ஒரு ஈரத்துணி போர்த்தியிருந்ததால் நிற்கவில்லையா? எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஆடியில் அந்த மனிதர் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

தமிழில் 'நிற்கவில்லை' என்பதும் 'நிற்காது' என்பதும் வேறுவேறு. முன்னது நான் கண்டது. பின்னது நான் கொடுக்கும் வாக்கு. 'சரியாகிவிட்டது' என்ற சொல் பார்வைக்கு முன்னதைப்போல இருக்கிறது, இறந்தகாலத்தில் நிற்கிறது. ஆனால் அந்த 'விட்டது' இருக்கிறதே, அது கதவைச் சாத்துகிற துணைவினை. விஷயம் முடிந்தது, இனி கேட்காதே என்கிறது. கண்டதைச் சொல்வதுபோல் வாக்குக் கொடுக்கிற சொல் அது. பொய்யென்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அதனாலேயே அது பொய்யைவிடச் சௌகரியமானது.

நிச்சயம் என்பது எவருக்கும் எதிலும் கிடையாது, அதற்காக யாரும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட முடியுமா என்று கேட்கலாம். கவிதை எழுதுகிற நண்பர்களுக்கு இந்த நிலை பழக்கமானது. பாதியில் செத்து நிற்கிற கவிதையில் சொல்லை மாற்றுகிறோம், வரியை வெட்டுகிறோம், ஆறுமாதம் பெட்டிக்குள் போட்டு வைக்கிறோம். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் உயிர் வந்திருக்கிறது. எதனால் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே அறியாமை ஒரு பாவமல்ல. ஏனென்றால் அந்தக் கவிதையில் பேரனை உட்கார வைத்துக்கொண்டு யாரும் மலை ஏறப்போவதில்லை. வாங்க வந்தவர் மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை அந்த வளைவுகளில் ஏறி இறங்க வேண்டியவர். காரணத்தை அறிய வேண்டும் என்ற கடமை எனக்கு இயந்திரத்திடம் இல்லை. உண்மை என்ற பெரிய சொல்லிடமும் இல்லை. அடுத்து அந்த இருக்கையில் உட்காரப்போகிறவரிடம்தான் இருக்கிறது. நானே ஓட்டிக்கொண்டிருந்தவரை என் அறியாமை என் சொந்தச் சமாசாரம். கைமாறும்போது அதற்கு விலை உண்டாகிறது. அறியாமையை அறியாமை என்று சொல்லி விற்கலாம். அறிவு என்று சொல்லி விற்பதில்தான் குற்றம் ஆரம்பிக்கிறது.

ஆகவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெயிலில் நிற்கும், மூன்று சாமான் மாற்றியிருக்கிறது, எது காரணம் என்று தெரியாது, மாற்றியபின் வெயில் அடிக்கவில்லை.

"அப்போ சரியாகலேங்கியளா?" என்றார்.

"சரியாகலேன்னும் சொல்லல."

"பெறவு என்னதான் சொல்லுதிய?"

விற்க மனமில்லாதவன் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தாரோ, இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது, அதை மறைக்க இதைச் சொல்கிறான் என்று நினைத்தாரோ, யோசித்துச் சொல்வதாகப் போனவர் திரும்பி வரவில்லை. 'சரியாகிவிட்டது' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவரிடமும் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

உண்மையில் அறிய வேண்டுமானால் கோளாறைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது. கழற்றிய பழைய காயிலும் கண்டென்சரும் பம்பும் டிக்கியில் ஒரு பையில் கிடக்கின்றன. சித்திரை பிறந்ததும், உச்சிவெயிலில், முதலில் வண்டியை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு புளியரை ஏறப்போகிறேன். நின்றால் டாங்கு மூடி. நிற்காவிட்டால் பழைய காயிலை மட்டும் மாட்டி மறுபடி ஏற வேண்டும். பிறகு கண்டென்சர், பிறகு பம்பு. பிளக் வயரைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். நல்லா ஓடுற வண்டியை யாராவது நிப்பாட்டப் பாப்பாங்களா என்று சிரித்தார். வருவதாகத்தான் சொல்லியிருக்கிறார்.