துணைப்பாத்திரமும் மனித மதிப்பும்

பிறர் கதையிற் சிறுபங்கு ஏற்பவன் சிறியவனா? மனிதனைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் கான்ற். நாடகமோ துணைப்பாத்திரத்தைத் தலைவனின் கருவியாகவே படைக்கிறது.

அமெரிக்க நடிகர் ஹரி டீன் ஸ்ரான்ரன் (1926–2017) 1950களிலிருந்து தொலைக்காட்சியிலும் திரையிலும் சிறு வேடங்களே தாங்கிவந்தார். 'கூல் ஹான்ட் லூக்'கில் (1967) கைதி. 'ஏலிய'னில் (1979) விண்கலத் தொழிலாளி. ஆயினும் அவர்கட்குக் கதைக்கு வெளியேயும் ஒரு வாழ்வுண்டென்பதை அவரது முகமே உணர்த்திற்று. 'பாரிஸ், ரெக்சாஸ்' (1984) முதன்மைப் பாத்திரத்தை அளித்தபோது 58 வயதை நெருங்கியிருந்தார். அப்பாத்திரமும் தொடக்கத்திற் பேசாமலே நடக்கிறது. தலைவனாகியும் அவர் குரலை உயர்த்தவில்லை.

இது ஒதுக்கப்பட்டோருக்குக் கூறும் வெற்று ஆறுதலன்றோ எனின், அன்று. பங்கீடு நீதியானதா என்பது வேறு வினா. அதனை எழுப்பவே வேண்டும். ஆனால், பங்கைப் பிறர் வகுக்கலாம். மனிதனின் மதிப்பை அப்பங்கு கொண்டு அளக்கும் உரிமை எவருக்குமில்லை.