இலவசமும் சமத்துவமும்: ஆரம்ப மருத்துவத்தின் தரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நோயுற்ற இருவருள் ஒருவருக்கு நல்ல மருத்துவமும் மற்றவருக்குப் பெயரளவிலான மருத்துவமும் கிடைக்குமாயின், அவ்விருவரும் சமமாக நடத்தப்பட்டனர் எனக் கூறவியலுமா? இருவரிடமும் கட்டணம் அறவிடப்படவில்லை என்பது இவ்வினாவுக்கு விடையாகுமா? வளர்முக நாடுகளின் சுகாதாரம் பற்றிய ஆய்வுகளில் வைத்தியசாலைகள் எத்தனை, வைத்தியர்கள் எத்தனை பேர், எவ்வளவு தூரத்துக்கு ஒரு சிகிச்சை நிலையம் என்னும் கணக்குகளே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தன. எண்ணிக்கை பெருகினால் நீதி தானே வந்துசேரும் என்பது இக்கணக்குகளின் உள்ளுறையாக அமைந்த நம்பிக்கை. அது எவ்வளவுக்கு ஏற்கத்தக்கது என்பதை இலங்கையின் அனுபவத்தைக் கொண்டு, சிறப்பாகத் தலைநகரின் ஓரத்தே அமைந்த ஒருகொடவத்தையை முன்வைத்து நோக்குதல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு இலங்கை எளிய உதாரணம் அன்று. இலவச மருத்துவம் இல்லாத நாடொன்றில் ஏழை நோயாளி படும் துன்பத்துக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. இலங்கையிலோ 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் கிராமத்து மக்களின் நோயும் அரசியலின் பொருளாயிற்று. 1935 இல், மலேரியா நாட்டைச் சூறையாடிய காலத்தில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கிறது. 2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. வருமானம் குறைந்த நாடொன்று இத்துணை சாதித்தமை உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. இத்தகைய நாட்டிலேயே தரத்தின் சமமின்மை காணப்படுமாயின், அதன் வேர் வறுமைக்கு அப்பாலும் செல்கிறது என்பது பெறப்படும்.

ஒருகொடவத்தை களனி கங்கைக்குத் தெற்கே, கொழும்பு மாநகரின் எல்லையோரத்தில், பேஸ்லைன் வீதியோடு அம்பத்தளை நோக்கிச் செல்லும் வீதி கூடுமிடத்தில் உள்ளது. கொள்கலன் முற்றங்களும் களஞ்சியங்களும் நிறைந்த இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. தாழ்நிலமாதலின் கங்கை பெருகும்போது வெள்ளம் புகும். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த மீதொட்டமுல்லை அயலிலேயே உள்ளது. ஆயினும் மருத்துவ வசதியைத் தூரத்தால் அளப்போர் இப்பகுதி மக்களைப் பேறுபெற்றோர் என்றே கொள்வர். கொழும்புத் தேசிய வைத்தியசாலையும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளன. இரண்டும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பவை.

இங்கு நாட்கூலிக்கு மூட்டை இறக்கும் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கொள்க. அவர் விடியுமுன் சென்று இலக்கத் துண்டு பெற்று வரிசையில் காத்திருப்பார். அன்றைய கூலியை இழப்பார். வைத்தியர் சில நிமிடங்களே அவருக்கு ஒதுக்கவியலும். அடுத்த முறை வேறொரு வைத்தியர் இருப்பார். மருந்து இருப்பில் இல்லையெனில் வெளியே வாங்குமாறு எழுதிக் கொடுக்கப்படும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது இது நாடெங்கும் உணரப்பட்ட துன்பமாயிற்று. கூலியை இழக்க விரும்பாத நாட்களில் அவர் மாலையில் அயலிலுள்ள தனியார் வைத்தியரிடம் சென்று, கையிலுள்ள பணத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று நாட்களுக்கு மருந்து வாங்குவார். இவ்விரு இடங்களில் எதுவும் அவரைத் தன் பொறுப்பில் உள்ளவராகக் கருதுவதில்லை. ஆண்டுகள் கழிந்து காற்புண் ஆறாத நிலையில் அவர் பெரிய வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவார், திறமைமிக்க சத்திரசிகிச்சையால் உயிர் காக்கப்படுவார், கால் போய்விடும். அச்சத்திரசிகிச்சையும் இலவசமே. இங்கே மறுக்கப்பட்டது எது என்பதே கேள்வி.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், தன் இறுதிக் குறளில், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநின்று பணிபுரிவோர் என்னும் நான்கின் கூட்டாகக் காண்கிறது. நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி மருத்துவம் இல்லை என்பது இதன் பொருள். இலவச மருத்துவம் என்னும் ஏற்பாடு இவற்றுள் மருந்தின் விலையையும் மருத்துவரின் கூலியையும் நோயாளியின் தோளினின்று இறக்கிவைத்தது. அது பெரிய காரியமே. எனினும் நோயாளி தன் நோவைத் தன் மொழியிற் சொல்லவும் அதனை மருத்துவர் பொறுமையோடு கேட்கவும் அது வழிசெய்துவிடவில்லை. தமிழ் 1987 இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சிங்களம் அறியாத தாயொருத்தி, பள்ளி செல்லும் மகனை மொழிபெயர்ப்பாளனாகக் கொண்டு தன் உடலின் மறைவான நோயைச் சொல்ல நேருமிடத்து, அவள் பெறும் சிகிச்சை மற்றவர் பெறும் சிகிச்சைக்கு ஒப்பாகாது.

இத்தகைய வேறுபாடு தற்செயலானதன்று என்பதை 1971 இல் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்னும் வேல்ஸ் நாட்டு வைத்தியர் எடுத்துக்காட்டினார். நல்ல மருத்துவம் தேவை மிகுந்த இடத்தில் அரிதாகவும் தேவை குறைந்த இடத்தில் நிறைவாகவும் கிடைக்கிறது என்றும், சந்தையின் விசைகள் கூடுந்தோறும் இந்நிலை வலுக்கிறது என்றும் அவர் கூறினார். 2007 இல் ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹாமர் ஆகியோர் வெளியிட்ட டெல்லி பற்றிய ஆய்வு, மருத்துவர்கள் தாம் அறிந்திருப்பதைக் காட்டிலும் குறைவாகவே செய்கின்றனர் என்பதை வெளிப்படுத்தியது. 2018 இல் லான்செற் ஆணைக்குழுவொன்றின் மதிப்பீடு இன்னும் திடுக்கிடச் செய்வது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் மருத்துவத்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் ஆண்டுக்கு 86 இலட்சம்; அவற்றுள் 50 இலட்சம் மருத்துவத்தை நாடியும் தரமான சிகிச்சை பெறாதவர்களுடையவை; மருத்துவத்தை நாடாதோரின் மரணங்கள் 36 இலட்சமே. கதவு திறந்திருந்தும், உள்ளே சென்றும் இறந்தோரே மிகுதி என்பது இதன் பொருள்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. வளம் குறைந்த நாடு அனைவருக்கும் சிறந்ததைக் கொடுக்கவியலாது. சிலருக்குச் சிறந்ததைக் கொடுப்பதிலும் பலருக்குச் சிறிதளவேனும் கொடுப்பதே அறம் என்பர். 1978 இன் அல்மா ஆட்டா பிரகடனம் அனைவருக்கும் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்னும் இலக்கை அறிவித்த மறுஆண்டே, வோல்ஷ், வொரன் என்னும் இருவர் அவ்விலக்கு செலவு மிக்கதெனக் கூறி, தெரிந்தெடுத்த சில நோய்களுக்கு எதிராக மட்டும் முதலில் முயலுமாறு வாதிட்டனர். பசித்தவனுக்கு அரைவயிற்றுக் கஞ்சியும் நன்றே என்னும் நியாயம் இது.

இவ்வாதத்தில் அளவும் தரமும் ஒன்றாக மயங்குகின்றன. சிறிய சிகிச்சை நிலையம் எல்லா நோய்களுக்கும் சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை. தான் ஏற்றுக்கொண்டதைச் செவ்வனே செய்தலும், தன்னால் இயலாததை உரிய காலத்தில் உணர்ந்து மேலே அனுப்புதலும் அதன் கடன். அளவிற் சுருங்கியது தரத்திற் சுருங்க வேண்டும் என்னும் நியதி இல்லை. கஞ்சி அரைவயிற்றுக்குப் போதும். ஆனால் அரைகுறையான மருத்துவத்துக்கு அந்நியாயம் பொருந்துவதில்லை. பேர்னார்ட் வில்லியம்ஸ் 1962 இல் சமத்துவம் பற்றி எழுதியபோது, மருத்துவம் பெறுவதற்குரிய தகுதி நோயுற்றிருத்தலே, செல்வம் அன்று என வாதிட்டார். அவ்வாதத்தை மேலும் நீட்டினால், நோயைத் தணிக்க இன்றியமையாத எதுவும் செல்வத்துக்கேற்ப மாறலாகாது என்பது போதரும். குளிரூட்டிய அறையும் மெத்தையிட்ட நாற்காலியும் மாறலாம், அவை வசதிகள்.

எது வசதி, எது தரம் என்பதை வரையறுப்பதிலும் கவனம் வேண்டும். இலங்கையின் அரச, தனியார் வெளிநோயாளர் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று, நோயை நிர்வகிக்கும் முறையில் இரண்டுக்குமிடையே பெரிய ஏற்றத்தாழ்வு காணவில்லை. நோயாளியோடு உரையாடுவதிலும் விளக்குவதிலுமே தனியார் துறை முந்தியது. காய்ச்சலும் கழிச்சலும் முதன்மை நோய்களாயிருந்த காலத்தில் விளக்கம் ஓர் உபசாரமாகக் கருதப்பட்டிருக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் மிகுந்த இக்காலத்தில், எதை உண்பது, எப்போது மீண்டும் வருவது, காலை எவ்வாறு பேணுவது என்னும் விளக்கமே சிகிச்சையின் பெரும்பகுதி. நேற்றைய வசதி இன்று தரமாகிவிட்டது. அதனைப் பணம் கொடுப்போர்க்கு மட்டும் உரியதாக விடுவது மருந்தையே விடுவதற்கு ஒப்பானது.

ஏழை நாட்டில் தரம் இயலாதென்பதை இலங்கையின் வரலாறே மறுக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் என அழைக்கப்படும் மருத்துவமாது, வைத்தியருக்குரிய கல்வி பெற்றவர் அல்லர். ஆயினும் அவருக்கெனக் குறித்த பிரதேசம் உண்டு. அங்குள்ள கர்ப்பிணித் தாய்மாரைப் பெயரும் வீடும் அறிந்தவர் அவர். வரத் தவறிய தாயை வீடுதேடிச் செல்வது அவர் கடன். தாய்மார் மரணம் நாட்டில் வெகுவாகக் குறைந்தமைக்கு இவ்வேற்பாடு பெருங்காரணம். பிள்ளைப்பேறு முடிந்து, குழந்தையின் தடுப்பூசிகளும் முடிந்தபின் அதே வீட்டின் தந்தைக்கு நோய் வருமாயின், அவருக்குப் பொறுப்பானவர் என ஒருவர் இல்லை. எவரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் செல்லலாம் என்னும் சுதந்திரம் உண்டு. அச்சுதந்திரத்தின் மறுபுறம், எந்த வைத்தியசாலையும் அவருக்கு விடைசொல்லக் கடமைப்படாமை. 2018 இன் அரச கொள்கை, குறித்த மக்கள்தொகைக்குக் குறித்த நிலையம் பொறுப்பேற்க வேண்டும் என ஏற்றுக்கொண்டமை இக்குறையை உணர்ந்தேயாம்.

பொறுப்பு வகுக்கப்படாவிடின் என்ன நேரும் என்பதற்கு மலையகம் சான்று. 1912 இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. 1948 இல் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். நாட்டின் ஏனைய மக்களுக்கு வளர்ந்த அரச சேவை தோட்ட எல்லையில் நெடுங்காலம் தயங்கி நின்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி தொண்ணூறுகளிலேயே தொடங்கி மெதுவாக நடந்தது. நாட்டின் சராசரி உயர்ந்துகொண்டிருந்தபோது தோட்டங்கள் பின்தங்கின. சராசரியின் உயர்வு நீதிக்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது அரிது.

இலவசம் என்பது அரசு மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதியின் முற்பாதி. குறித்த ஒருவரின் நோய்க்குக் குறித்த ஒருவர் பொறுப்பேற்றலும், அப்பொறுப்பை நிறைவேற்றப் போதிய நேரமும் மொழியும் மருந்தும் அவரிடம் இருத்தலும் அதன் பிற்பாதி. முற்பாதியைக் காட்டிப் பிற்பாதியை மறைப்பது ஈகையின் இயல்பாகலாம். உரிமையின் இயல்பு அன்று. ஒருகொடவத்தைத் தொழிலாளியின் கால் அறுவைச்சிகிச்சைக் கூடத்தில் இழக்கப்படவில்லை. எவருடைய பொறுப்பிலும் இல்லாது அவர் வந்துபோன பல ஆண்டுகளில் அது சிறிது சிறிதாக இழக்கப்பட்டது. சுகாதார சேவையொன்றின் சமத்துவத்தை அளக்க விரும்புவோர் அதன் மிகச் சிறந்த வைத்தியசாலையின் வாயிலில் நின்று அளக்கலாகாது. கூலியை இழக்கவியலாத ஒருவர், பெருநோய் வருமுன், தன் வீட்டருகே எத்தகைய வைத்தியரைக் காண்கிறார் என்பதே அதற்குரிய அளவுகோல்.