முப்பத்துமூன்று வயதில் இலக்கணம்



"இந்த வயதில் எனக்குப் படிப்பு எதற்கு? செபமாலை சொல்லவே நேரம் போதவில்லை" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் அர்ச். இஞ்ஞாசியாரைச் சற்று நோக்குவார்களாக.

1521-ம் வருஷம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார்; அகப்பட்டவையோ சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமுமே. அந்த வாசகம் அவரை மனந்திருப்பிற்று.

ஆத்துமங்களுக்கு உதவக் கல்வி வேண்டுமென்று கண்டு, 1524-ல், ஏறக்குறைய 33 வயதில், பார்செலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். பாடத்தை மனனம் செய்ய உட்கார்ந்தாலோ ஞான இன்பங்கள் பொங்கி வரும், பாடம் ஏறாது. 'செபத்திலும் பூசையிலும்கூட இவ்வளவாய் வராத இன்பம் பாடவேளையில் வருவானேன்?' என்று யோசித்து, இது சோதனையென்று அறிந்துகொண்டார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப்போய், இரண்டு வருஷமும் பாடங்கேட்கத் தவறேன் என்று வாக்குக் கொடுத்தார். சோதனை அகன்றது. நாற்பது வயது கடந்தபின் பாரீஸ் சர்வகலாசாலையில் பட்டமும் பெற்றார்.

ஆகையால் பக்தியைச் சோம்பலுக்குப் போர்வையாக்காதீர்கள். ஞான வாசகமோ, தையலோ, ஆர்மோனியமோ, ஒன்றைத் தெரிந்துகொண்டு, இரவுச் செபத்துக்குப் பின் தினமும் கால்மணி நேரம் பழகுங்கள். தனியே தீர்மானித்தது தளரும். வீட்டாரில் ஒருவரிடம் வாக்காகச் சொல்லிவிடுங்கள்.

செபவேளை செபத்துக்கு, பாடவேளை பாடத்துக்கு. இரண்டும் சர்வேசுரனுடைய தோத்திரத்துக்கே. ஆமென்.