பிழை செய்ய ஓர் இடம்

பிறருக்கு உதவுவது நல்லது, இதில் ஐயமில்லை. ஆனால் எதைக் கொடுப்பது உதவி? கணினி நிரல் எழுதக் கற்கத் தொடங்கும் ஒரு கிராமத்து மாணவனை மனத்தில் கொண்டு இக்கேள்வியைச் சிந்திப்போம்.

'சி' மொழியில் அவன் எழுதிய நிரலில், ஏழாவது வரியின் இறுதியில் இட வேண்டிய அரைப்புள்ளி விடுபட்டுவிட்டது. கணினியோ எட்டாவது வரியில் பிழை என்று ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. அவன் எட்டாவது வரியையே உற்று நோக்கித் திகைக்கிறான். வீட்டில் கணினி உள்ள மாணவன் இதே பிழையைப் பலமுறை செய்து, ஒருநாள் தானே காரணத்தைக் கண்டுகொள்வான். இவனுக்கோ பள்ளிக் கணினி வாரத்தில் ஒரு மணி நேரமே கிடைக்கிறது. அதற்குள் மின்சாரமும் தடைபடலாம். அவனிடம் அறிவு குறையவில்லை. தவறு செய்து திருத்திக்கொள்ளும் அவகாசமே குறைவு.

அருகில் நிற்கும் நாம் என்ன செய்வது? இரக்கப்பட்டு அரைப்புள்ளியை நாமே இட்டால் நிரல் இயங்கும். மாணவன் நின்ற இடத்திலேயே நிற்பான். 'தானே கண்டுபிடிக்கட்டும்' என்று விலகினால் அவனது ஒரு மணி நேரம் வீணாகும். முன்னது அவனது ஆற்றலை மறுப்பது. பின்னது அவனது வறுமையை மறப்பது.

கருவியைக் கொடுத்தால் போதும் என்பாரும் உளர். 1999-இல் டெல்லி கால்காஜியில் பேராசிரியர் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். அருகிலிருந்த குடிசைப் பகுதிச் சிறுவர்கள் ஆசிரியரின்றியே அதை இயக்கப் பழகினர். குழந்தைகளின் ஆர்வத்திற்கு இது சான்று. ஆனால் பெரு நாட்டில் மடிக்கணினிகள் வழங்கப்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், கணிதத்திலோ மொழியிலோ மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை. கருவி கதவைத் திறக்கும். உடன் நடக்க ஒரு மனிதர் வேண்டும்.

உடன் நடப்பது எவ்வாறு? கணினியிடம் செல்லுமுன் நிரலைத் தாளில் எழுதச் செய்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்பதை மாணவனையே தாய்மொழியில் சொல்லச் சொல்லலாம். பிழைச் செய்தியின் ஆங்கிலத்தை மட்டும் விளக்கி, 'முந்தைய வரியையும் பார்' என்று கூறி நிறுத்திக்கொள்ளலாம். திருத்தும் விரல் அவனுடையதாகவே இருக்கட்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை, பொறுமை தேவை. விடையைச் சொல்லிப் புகழ்பெறும் ஆசையைக் கற்பிப்பவர் விட்டுவிட வேண்டியிருக்கிறது. பொருளைக் கொடுப்பதைவிடக் கடினமான தியாகம் இது. தானே இட்ட ஓர் அரைப்புள்ளியால் நிரல் இயங்கக் கண்ட மாணவன், அடுத்த பிழையை அஞ்சாமல் எதிர்கொள்வான். அந்த அஞ்சாமையே நாம் அவனுக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி.