மேட்டூர் எவ்வளவு?

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிபோகிறவர் முதல் வாரத்தில் விசாரிப்பவை எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பால் எங்கே, காய்கறி எங்கே, கேஸ் ஏஜென்சி எங்கே, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு. இவை தெரிந்ததும் ஊர் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றும். பிடிபட்டது நம் தேவைகள் மட்டும். அந்த ஊர் எதற்குக் கவலைப்படுகிறது என்பது அந்தப் பட்டியலில் வராது. அதைத் தெரிந்துகொள்ள நான் கண்ட எளிய வழி, பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிரான்சிஸ்டரில் அந்த வட்டாரத்தின் மீடியம் வேவ் நிலையத்தைப் பகலில் கேட்பது.

பகலில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மேலே கிளம்பும் மீடியம் வேவ் அலைகளை, வெயிலால் வானத்தில் உருவாகும் ஓர் அயனி அடுக்கு பகல் முழுக்க விழுங்கிவிடுகிறது. தரையை ஒட்டிப் போகும் அலைதான் நம்மை வந்து சேரும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைகிறது. மேலே போன அலை இன்னும் உயரத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்குகிறது. அதனால் இரவில் இலங்கையும் ஆந்திரமும் கேரளமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இரவில் ரேடியோ ஊர் சுற்றும். பகலில் ஊரோடு இருக்கும்.

கும்பகோணம் பக்கம் குடிபோனபோது நான் கேட்டது திருச்சி நிலையத்தை, 936 கிலோஹெர்ட்ஸ். 1939இல் தொடங்கிய நிலையம் அது. புது வீட்டில் அதைப் பிடிக்கப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள் படுக்கை வாக்கில் இருக்கும் ஃபெரைட் கம்பிதான் மீடியம் வேவுக்கு ஏரியல். பெட்டியின் முகம் திருச்சிப் பக்கம் இருந்தால் குரல் தெளியும். பெட்டியின் ஓரம் திருச்சியைப் பார்த்தால் குரல் அடங்கிவிடும். மேற்கு எது என்று அந்த வீட்டில் எனக்கு முதலில் சொன்னது அந்த ரேடியோதான். அடுத்த வீட்டு மிக்ஸி ஓடினால் கரகரக்கும், டியூப்லைட் போட்டால் உறுமும். கரண்ட் போனால் தெரு முழுக்க வெக்கையில் முணுமுணுக்கும்போது, ரேடியோ மட்டும் துலக்கிய பாத்திரமாகத் தெளிந்து பேசும்.

அப்படிக் கேட்டதில் பாட்டைவிட மனதில் நின்றவை அறிவிப்புகள். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, திறந்துவிடப்படும் நீர் இத்தனை கனஅடி. அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்று வாசிப்பவர் சொல்லமாட்டார். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதையோ, குறுவைக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதையோ விளக்கமாட்டார். ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் என்ன மருந்து என்பார். ஆனைக்கொம்பன் என்றால் என்ன என்று சொல்லமாட்டார். கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார். அறுப்பு நேரத்து மழையில் அந்த 17 என்ன பாடுபடுத்தும் என்பதைக் கேட்பவர்களே அறிவார்கள்.

புதிதாக வந்தவனுக்கு இவை வெறும் எண்கள். ஒரு நாள் திண்ணையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க, எதிர்வீட்டுப் பெரியவர் தெருவிலிருந்தே கேட்டார்: “தம்பி, மேட்டூர் எவ்வளவு சொன்னான்?”

“எண்பத்தேழு அடிங்க ஐயா.”

“நேத்து எண்பத்தெட்டுல இருந்துச்சு. வரத்து இல்லாம இறங்குது. கடைமடைக்கு எங்க வந்து சேரப்போவுது…”

தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் கேட்ட அதே எண்ணைத்தான் அவரும் கேட்டார். எனக்கு அது ஓர் அளவு; அவருக்கு அது அடுத்த மூன்று மாதம்.

ஒரு நிலையத்தை அதன் மக்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. 1960களின் நடுவில், கும்பகோணத்துக்குப் பக்கத்து ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. அதைப் பற்றித் திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் கேட்டுத்தான் பலரும் பயிரிட்டார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல்.

கேட்டுக் கேட்டே ஒன்றுக்குள் நுழைய முடியும் என்பதற்கும் வானொலிக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார். அகில இந்திய வானொலியின் விடியற்கால முகப்பிசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர். சிவரஞ்சனியின் சாயலில் அமைந்த அந்த இசை இந்த நாட்டின் காலைகளோடு ஒன்றாகிவிட்டது. இந்திய இசையில் பிறந்து வளராத அவர், பிற்காலத்தில் தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். பொறுமையான காது எவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்றைக்கு என் கைபேசி எனக்குப் பிடித்த பாட்டை, எனக்குப் பிடித்த பேச்சை, நான் எந்த ஊருக்குப் போனாலும் மாறாமல் கொடுக்கிறது. அதோடு போகிறவன் வீடுதான் மாறுகிறான். அவன் காது பழைய ஊரிலேயே இருக்கிறது. மீடியம் வேவ் ஒலிபரப்பிகளோ நாடெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. பண்பலை வந்துவிட்டது, செயலி வந்துவிட்டது, ஒலி துல்லியமாகிவிட்டது. இந்த மாற்றத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை; கருவிகள் மாறத்தான் செய்யும். நான் யோசிப்பது வேறு ஒன்றை.

திருச்சி நிலையத்தில் மேட்டூர் நீர்மட்டத்தைச் சொன்ன அதே குரல்தான், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கும் எச்சரிக்கை சொல்லும். அணைக் கணக்கால் நாகப்பட்டினத்து மீனவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும் வரப்பில் நிற்பவர் வலையை இழுக்கப்போவதில்லை. ஆனாலும் தன் செய்தி வரும்வரை இவர் அவர் செய்தியைக் கேட்டாக வேண்டும், அவர் இவருடையதை. இப்படித் தனக்கில்லாததைத் தினமும் கேட்டுக் கேட்டு, ஒருவர் கவலை இன்னொருவருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்றாகிவிடுகிறது. ஒரே பிரதேசத்து மக்கள் என்று நாம் சொல்வது ஒரே எல்லைக்குள் வசிப்பவர்களை அல்ல. இந்தப் பழக்கம் படிந்தவர்களை.

எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும் வசதியில் இந்தப் பழக்கத்துக்கு இடம் இல்லை. எனக்காகச் சொல்லப்படாத ஒன்றை நின்று கேட்பதில்தான் நான் என்னை விட்டு வெளியே ஓரடி வைக்கிறேன். அந்த ஓரடியைத் தானாக வைக்கச் செய்ய எந்தச் செயலிக்கும் தெரியாது. நாமாகத்தான் வைக்க வேண்டும், டீக்கடையிலோ, பஸ்ஸிலோ, எதிர்வீட்டுத் திண்ணையிலோ.

ஆதார் அட்டையில் முகவரி மாற ஒரு மனு போதும். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் வீடு கிடைத்துவிடும். ஊர் அப்படிக் கிடைப்பதில்லை. ஒரு சென்ட் நிலமும் இல்லாதவன், அணையில் ஓரடி குறைந்தது என்று கேட்டு மனம் கலங்குகிறானே, அன்றைக்குத்தான் அவன் அந்த ஊருக்குக் குடிவந்திருக்கிறான்.