நின்று கொல்லும் தூசி

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தப்பு செய்தவன் இன்றைக்குத் தப்பினாலும் என்றைக்காவது அகப்படுவான் என்ற ஆறுதல் அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸும் நின்று கொல்கிற ரகம்தான். ஆனால் அது கொல்வது தப்பு செய்தவனை அல்ல.

கல்நார் என்று தமிழில் அதற்குப் பொருத்தமான பெயர் உண்டு. கல்லாகவும் இருக்கும், நாராகவும் பிரியும். எரியாது, மக்காது. வெளியே இருக்கும்வரை பெருமையாகச் சொல்லப்படும் இந்த மக்காத குணம்தான் உடம்புக்குள் போனதும் வினையாகிறது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு இறங்கி, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைவரை சென்று தங்கிவிடுகின்றன. உடம்பால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. 20 ஆண்டு, 40 ஆண்டு, சில சமயம் 50 ஆண்டு கழித்து அந்த உறையில் மீசோதெலியோமா என்ற அபூர்வப் புற்றுநோய் வருகிறது. கண்டுபிடித்த பிறகு பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. 1960-இல் தென்னாப்பிரிக்காவின் வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைதான் இந்தத் தொடர்பை மருத்துவ உலகுக்கு உறுதியாகக் காட்டியது. அந்த 33 பேரில் சுரங்கத்தில் கால் வைக்காமல் அதன் பக்கத்தில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

தூசியைப் பறக்கவிட்டவருக்கும் அதைச் சுவாசித்துச் செத்தவருக்கும் நடுவே நாற்பது ஆண்டு இடைவெளி இருக்கும்போது, குற்றத்துக்குக் காலக்கெடு வைக்கலாமா? இந்தக் கேள்வியை ஓர் ஊர் நீதிமன்றம்வரை கொண்டுபோயிற்று.

வட இத்தாலியில் போ ஆற்றங்கரையில் இருக்கிறது காசாலே மொன்ஃபெராத்தோ. 1907 முதல் 1986 வரை அங்கே எட்டர்னிட் என்ற கல்நார் ஆலை ஓடியது. ‘என்றும் அழியாதது’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. குழாய்களைக் கடைந்த பிறகு மிஞ்சும் தூளை ஊரார் வீட்டுக்கு எடுத்துப்போய் முற்றத்தில் பரப்பினார்கள், பரணில் கொட்டினார்கள். பாதையில் போட்டால் சேறு ஆகாது, பரணில் போட்டால் குளிர் இறங்காது. சாயங்காலம் கணவன் கழற்றிப் போடும் வேலை உடுப்பை மனைவி முற்றத்தில் உதறித் துவைப்பாள். அந்த உதறல் போதும். பாதிக்கப்பட்டோர் சங்கத்துக்குப் பல ஆண்டு தலைமை தாங்கிய ரொமானா ப்ளசோத்தி பவேசி, கணவர், சகோதரி, மகள் உட்படத் தன் குடும்பத்தில் ஐந்து பேரை இதே நோய்க்குப் பறிகொடுத்தார்.

நிறுவனத்தின் சுவிஸ் முதலாளி ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனிக்கு 2012-இல் தூரின் நீதிமன்றம் 16 ஆண்டு சிறை விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 18 ஆனது. 2014 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. அவர் நிரபராதி என்று அது சொல்லவில்லை. ஆலை 1986-இல் மூடியதோடு குற்றம் முடிந்துவிட்டது, அங்கிருந்து எண்ணினால் காலக்கெடு கடந்துவிட்டது என்றது. சட்டமும் நீதியும் ஒத்துப்போகாத இடத்தில் நீதிபதி சட்டத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று அரசு வழக்குரைஞரே அன்று வாதாடினார். தீர்ப்பைக் கேட்டு அழுதவர்களுக்கு அதைவிட நேர்மையான விளக்கம் கிடைத்திருக்காது.

காலக்கெடு என்ற ஏற்பாட்டைத் திட்டித் தீர்த்துவிட முடியாது. சாட்சிகள் சாகிறார்கள், காகிதங்களைச் செல் அரிக்கிறது. கெடுவே இல்லையென்றால், ஆட்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் வேண்டாதவர்களின் பழைய கணக்கைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். கடனுக்கும் திருட்டுக்கும் அது பொருந்துகிறது. அங்கே ஓர் அனுமானம் இருக்கிறது: பாதிக்கப்பட்டவனுக்குத் தன் இழப்பு தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தான் என்பது. ஆனால் 1986-இல் ஆலைக் கதவை மூடிய நாளில், 2010-இல் நோயாளியாகப் போகிற பெண் சைக்கிள் மிதித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருந்திருப்பாள். அவள் எதைச் சொல்லி மனு கொடுப்பது? பிறக்காத பிள்ளைக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று எழுதுவதைப் போன்றது இந்தக் கணக்கு. நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் நியாயம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளக்கூடாது. 1976-இல் பொறுப்பேற்றபோது ஷ்மிட்ஹைனிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தொழில் அன்றைக்குச் சட்டப்படியானது, இத்தாலி தடை செய்ததே 1992-இல்தான். பாதுகாப்புக்குப் பணம் செலவழித்தோம் என்கிறது அவர் தரப்பு. பிற்காலச் சட்டத்தை வைத்து முற்காலத்து மனிதரை அளப்பது சரியா? சரியில்லை. ஆனால் அளவுகோல் சட்டம் வந்த ஆண்டு அல்ல, அவருக்குத் தெரிந்த ஆண்டு. 1976 ஜூனில் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் தன் மேலாளர்களைக் கூட்டி ஆபத்தைப் பற்றிப் பேசியவர் அவர். பேசியது மேலாளர்களிடம். முற்றத்தில் உடுப்பை உதறிக்கொண்டிருந்தவளிடம் யாரும் பேசவில்லை. தனக்குத் தெரிந்த ஆபத்தை அதில் நிற்பவரிடம் சொல்லாமல் விடுவது, சட்டம் என்ன சொன்னாலும், தவறுதான்.

முதல் தீர்ப்புக்கு முன்பே, 2011 டிசம்பரில், ஊருக்கு இன்னொரு சோதனை வந்திருந்தது. வழக்கிலிருந்து நகராட்சி விலகினால் சுமார் 1.8 கோடி யூரோ தருவதாக முதலாளி தரப்பு சொன்னது. நகர மன்றம் ஒப்புக்கொண்டது. கேட்டதும் பணத்தாசை என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் வந்தால் கூரைகளிலும் முற்றங்களிலும் மிச்சமிருக்கும் விஷத்தை அகற்றலாம், நாளைய குழந்தை பிழைக்கலாம். செத்தவர்களுக்கான நீதியா, இருப்பவர்களின் மூச்சா? ஊரார் திரண்டு எதிர்த்தார்கள், அந்தத் தீர்ப்பு வருவதற்குள் நகராட்சி பணத்தை மறுத்தது. ஏறக்குறைய மூன்றாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தபோது, வாங்கியிருக்கலாமோ என்று சிலருக்காவது தோன்றியிருக்கும். அப்படித் தோன்றுவதில் இழிவில்லை. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவர்களை நிறுத்தியதில்தான் இழிவு.

இந்தியாவில் இது பழங்கதை அல்ல. ரஷ்யாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கல்நார் இன்றும் கப்பலில் வருகிறது, ஆலைகள் ஓடுகின்றன. ஏழைக்கு ஏற்ற கூரை என்பார்கள். ஓலையை விட உறுதி, கான்கிரீட்டை விட மலிவு, பொய்யில்லை. சிமெண்டில் இறுகிய இழை வெளியே வராது என்பதும் ஷீட் முழுசாக இருக்கும்வரை ஏறக்குறைய உண்மை. ஆனால் முழுசாகவே இருக்கிற ஷீட் எங்கே இருக்கிறது? அளவுக்கு வெட்ட வேண்டும், போல்ட் மாட்ட ஓட்டை போட வேண்டும். கட்டிங் மெஷின் ஷீட்டில் பட்டதும் வெள்ளைப் புகை எழும்பும். பிடித்துக்கொள்ளும் பையன் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான் பாதுகாப்பு. புயல் அடித்து ஓய்ந்தால் உடைந்த துண்டுகள் தெருமுனையில் குவிந்து கிடக்கும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடும்.

1995-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளர் வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நல ஏட்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். இந்த நோய் எத்தனை காலம் காத்திருக்கும் என்று தெரிந்து எழுதிய உத்தரவு அது. அதன்படி, அந்த ஆண்டு ஆலையில் சேர்ந்தவரின் ஏடு 2035 வரைக்குமாவது இருக்க வேண்டும். அதே ஆண்டு கூரைமேல் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு எந்த ஏடும் இல்லை.